பகலில் தெரியாத நெருப்பு

மார்ச் 2

படகு கைக்கு வந்துவிட்டது. 24 அடி, ஒற்றைப் பாய்மரம். மூன்று பேர் படுக்கலாம் என்று சொல்லி விற்றார்கள். இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆள் உட்கார்ந்தே தூங்க வேண்டியதுதான். மச்சானும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கியதால் குறை சொல்ல இருவருக்கும் சம உரிமை.

கேபினுக்குள் இறங்கும் படிக்குப் பக்கத்திலேயே சமையல் மூலை. அங்கே இரண்டு பர்னர் வைத்த ஸ்பிரிட் அடுப்பு, காற்றடித்து எரிக்கும் பழைய வகை. ஸ்பிரிட் என்றால் எத்தனால், அதாவது ஆல்கஹால்தான். பம்பு ஸ்டவ்வைத் தட்டையாக்கிப் படுக்க வைத்த மாதிரி இருக்கிறது: ஓரத்தில் பித்தளை டேங்க், சின்ன பம்பு, இரண்டு குமிழ்கள். பழைய உரிமையாளர் கிளம்பும்போது சொன்னார்: "கேஸ் மாதிரி வெடிக்காது. தப்பித்தவறிப் பற்றிக்கொண்டாலும் ஒரு குவளை தண்ணீர் போதும்." கேட்க நிம்மதியாக இருந்தது.

மார்ச் 3

அந்த நிம்மதிக்கு ஆயுள் ஒரு நாள்.

இந்த அடுப்பில் ஸ்பிரிட் ஆவியாகித்தான் பர்னர் துளை வழியே வர வேண்டும். அதற்குப் பர்னர் முதலில் சூடேற வேண்டும். எனவே குமிழைக் கொஞ்சம் திறந்து, பர்னருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் ஸ்பிரிட் இறங்கியதும் மூடிவிட்டு, அதைக் கொளுத்த வேண்டும். கிண்ணத்துத் தீ அணையப் போகிற நேரம் பார்த்துக் குமிழைத் திறந்தால் ஆவி சீறிக்கொண்டு வந்து நீலமாகப் பற்றும். பிந்தித் திறந்தால் எரியாத ஆவி கேபினுக்குள் பரவும். முந்தித் திறந்தால் திரவமாகவே பீச்சி அடிக்கும்.

நான் முந்திவிட்டேன். குளிர்ந்த காலை, பர்னர் சூடேற வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும் என்று தோன்றவில்லை. தீ ஒரு முழ உயரம் எழுந்து ஜன்னல் திரைச்சீலையைத் தொட்டது. அதே நேரம் எவரோ மோட்டார் படகில் வேகமாகக் கடந்து போக, அந்த அலையில் எங்கள் படகு ஆடியது. கிண்ணத்தில் எரிந்துகொண்டிருந்த ஸ்பிரிட் அப்படியே தளும்பித் தட்டில் கொட்டியது.

"மாப்ளே, தண்ணிய ஊத்து!"

ஊற்றினேன். ஒரு குவளை முழுவதும், கொஞ்ச உயரத்திலிருந்து. தீ அணையவில்லை. தண்ணீரோடு சேர்ந்து ஓடி, தட்டைத் தாண்டி, மர மேடையின் விளிம்பில் வழிந்து, என் காலடிக்கு வந்தது. மச்சான் படுக்கையிலிருந்த கம்பளியை உருவி எல்லாவற்றின் மேலும் போட்டு அமுக்கினான். குமிழை மூட நான் கம்பளிக்கு அடியில் கையை விட வேண்டியிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடங்கிய பிறகுதான் தீயணைப்பானைத் தேடினோம். அது அடுப்புக்குப் பின்புறச் சுவரில் பத்திரமாக மாட்டியிருந்தது. தீயைத் தாண்டிக் கை நீட்டுகிறவருக்கு மட்டும் கிடைக்கும்.

மார்ச் 4

வலது புருவத்தில் பாதி இல்லை. திரைச்சீலை போயிற்று, அது போக வேண்டியதுதான். தீயணைப்பானைக் கழற்றிக் கேபின் வாசலில், வெளியே நின்றபடி எட்டக்கூடிய இடத்தில் மாட்டினேன். அது உலர் பொடி வகை என்பது எங்கள் அதிர்ஷ்டம். சாதாரண நுரை வகை ஆல்கஹாலில் பட்டால் நுரையே உடைந்து கரைந்துவிடும். நுரைதான் வேண்டுமென்றால் ஆல்கஹாலைத் தாங்கும் தனி நுரை வாங்க வேண்டும். கூடவே ஒரு தீப்போர்வை.

மார்ச் 9

தண்ணீர் ஏன் காலை வாரியது என்று வாரம் முழுக்க மண்டையைக் குடைந்தது. இன்று படகுத்துறையில், காற்றில்லாத மூலையில், இரும்புத் தட்டு ஒன்றை வைத்துப் பரிசோதித்தேன். பக்கத்தில் தீப்போர்வையும் ஒரு வாளி தண்ணீரும்.

ஒரு ஸ்பூன் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினேன். நல்ல வெயிலில் தீயே தெரியவில்லை. தட்டுக்கு மேல் காற்று நெளிவதை வைத்துத்தான் எரிகிறது என்று கண்டுகொண்டேன். ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். எரிந்தது. இன்னொன்று விட்டேன், சோம்பலாக எரிந்தது. நான்காவது ஸ்பூனுக்குத்தான் அணைந்தது.

கணக்கும் அதையே சொல்கிறது. ஒரு திரவம் தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவியை விடத் தொடங்கும் வெப்பநிலை, அதாவது தீப்பற்று நிலை, சுத்த எத்தனாலுக்குச் சுமார் 13 டிகிரி செல்சியஸ். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தாலும் அது 24 டிகிரிக்குத்தான் ஏறுகிறது, அடுப்பருகே அதெல்லாம் சாதாரணம். ஐந்தில் ஒரு பங்கு ஸ்பிரிட் என்கிற அளவுக்கு நீர்த்தால்தான் 36 டிகிரியைத் தொடும். ஆக, தண்ணீர் ஆல்கஹால் தீயை அணைக்கும் என்பது பொய்யில்லை. மண்ணெண்ணெய் போல மேலே மிதக்காமல் தண்ணீரோடு கலக்கிறது, அதனால் அணைக்க முடிகிறது. ஆனால் நிறைய வேண்டும், அதுவும் தெறிக்காமல் மெதுவாக. ஆடுகிற படகில், பதற்றத்தில், குவளையை வீசுகிற யாருக்கும் இது கைகூடாது. பழைய உரிமையாளர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் அடுப்புக்கு மேல் திரைச்சீலை தொங்கவிட்டிருக்கிறார்.

மார்ச் 10

மச்சான் கேஸ் வைக்கலாம் என்கிறான். சீக்கிரம் கொதிக்கும், குமிழைத் திருகினால் போதும். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கேஸ், அதாவது புரொப்பேன், காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், அங்கே அதை வெளியேற்றத் துளையே கிடையாது. காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தாலே பற்றும். முறைப்படி வைக்க வேண்டுமானால் சிலிண்டருக்குக் கேபினோடு தொடர்பில்லாத, படகுக்கு வெளியே வடியும் தனி அறை வேண்டும். 24 அடியில் அந்த இடத்துக்கு மச்சானின் படுக்கையைத்தான் எடுக்க வேண்டும். பேச்சு அதோடு முடிந்தது.

மார்ச் 23

காற்றழுத்தமே இல்லாத ஸ்பிரிட் அடுப்பு ஒன்று இரண்டாம் கையில் கிடைத்தது. ஸ்வீடனின் ஓரிகோ அடுப்புகள் பிரபலமாக்கிய அமைப்பு. இது வேறு யாரோ செய்தது. பம்பு இல்லை, குழாய் இல்லை, முன்சூடு இல்லை. அகலமான டப்பா ஒன்று, உள்ளே பஞ்சு போன்ற எரியாத இழை, வாயில் கம்பி வலை. ஸ்பிரிட்டை அந்த இழை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. மேலே வந்த ஆவி மட்டும் எரிகிறது. குமிழைத் திருப்பினால் ஒரு தகடு நகர்ந்து வாயை மூடும். தீயைக் குறைப்பதும் அணைப்பதும் அந்தத் தகடுதான். சரியாக நிரப்பிய டப்பாவைக் கவிழ்த்தாலும் சொட்டாது. தட்டின் மேல் கவிழ்த்துப் பார்த்தேன். மறுபடியும் கவிழ்த்தேன், மச்சான் நம்பவில்லை என்பதால்.

நிரப்புவதில்தான் சூட்சுமம். டப்பாவைச் சற்றுச் சாய்த்து, வலையின் ஓரத்தில் ஸ்பிரிட் தெரிகிற வரை ஊற்ற வேண்டும். நிமிர்த்தினால் மேலே திரவம் தெரியக் கூடாது. தெரிந்தால், இழை தாங்கக்கூடியதைவிட அதிகமாகிவிட்டது என்று பொருள். பாய் ஏற்றிப் படகு சாயும்போது அந்த உபரிதான் எரிந்துகொண்டே வழியும். பழைய அடுப்புக்குத் திரும்பிவிட்ட மாதிரிதான்.

மார்ச் 24

நிரப்பும் வேலை இனி காக்பிட்டில், அதாவது உட்கார்ந்து படகு ஓட்டும் திறந்த வெளியில், ஆறிய டப்பாவில் மட்டும். கேபினுக்குள் கூடவே கூடாது. மச்சானுக்கு இது கெடுபிடியாகப் படுகிறது. "பெட்ரோலா இது?" என்று கேட்டான்.

ஒரு விதத்தில் பெட்ரோலைவிட மோசம். கேனுக்குள் பெட்ரோலின் ஆவி சாதாரண வெப்பத்தில் மிக அடர்த்தி. காற்றுப் போதாமல் கேனுக்குள்ளே பற்றாது. எத்தனால் அப்படியில்லை. அது காற்றில் 3.3 முதல் 19 சதவீதம் வரை இருந்தால் பற்றும். 20 டிகிரியில் பாதி காலியான கேனுக்குள் இருப்பது ஏறக்குறைய 6 சதவீதம். அதாவது, மனிதர்கள் சட்டையோடு உட்கார்ந்திருக்கிற வெப்பநிலையில், கேனுக்குள் இருக்கிற காற்று எரியத் தயாரான கலவை. அணையாத பர்னரில் அந்தக் கேனைச் சாய்த்து ஊற்றினால் தீ உள்ளே ஏறி, மிச்சமிருக்கிற ஸ்பிரிட்டையும் சேர்த்து வாய் வழியே பீய்ச்சி அடிக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் மீது.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேனைத் தூக்கிக் காக்பிட் பெட்டிக்குள் வைத்தான்.

ஏப்ரல் 6

முதல் இரவுப் பயணம். இடது பக்கம் சாய்ந்தே ஓடியது. அடுப்பு கிம்பலில், அதாவது ஊஞ்சல் போல ஆடும் தாங்கியில், தொங்குவதால் படகு சாய்ந்தாலும் பாத்திரம் மட்டமாகவே நிற்கிறது, பாத்திரத்தை இரு பக்கமும் கவ்வும் இடுக்கிகளும் உண்டு. ஆனாலும் தீயைவிடக் கொதிநீருக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். சமைக்கும்போது மழைக்கால்சட்டை போட்டுக்கொள்வது என்று முடிவு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

ஒரு லிட்டர் கொதிக்க 9 நிமிடம் ஆனது. ஸ்பிரிட்டில் சூடு குறைவுதான்: மண்ணெண்ணெய் லிட்டருக்குச் சுமார் 35 மெகாஜூல் தரும், எத்தனால் 21, இன்னொரு ஆல்கஹாலான மெத்தனால் 16. மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கு வாங்கக் கூடாது என்பதற்கு இது சின்னக் காரணம். அது விஷம், அதன் தீ வெளிச்சத்தில் இதைவிடவும் தெரியாது என்பவை பெரிய காரணங்கள்.

காலையில் கேபின் கூரையிலிருந்து சொட்டியது. கசிவு என்று தேடிக் கடைசியில் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ எத்தனால் எரிந்தால் ஒரு கிலோவுக்கும் மேலே நீராவி வரும். குளிருக்கு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு சமைத்திருக்கிறோம். கூரை நனைந்ததுகூடப் பரவாயில்லை, அடைத்த கேபினில் காற்றுக் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவும் சேரும். இனி அடுப்பு எரியும்போது மேல் கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்றும் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 7

எழுதக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு வாரம் முன்பு மச்சானுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

மதியம், உச்சி வெயில் மேல் ஜன்னல் வழியே நேராக அடுப்பில் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் கொதிப்பது நின்றுபோய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். குமிழை மூடினேன். தீ தெரியவில்லை, சத்தமும் இல்லை. டப்பாவைக் கழற்றி மேலே கொண்டுபோக வேண்டும், அலை இருந்தது, சோம்பல். இங்கேயே கொஞ்சம் விட்டுவிடலாம் என்று கேனை எடுத்துவந்து மூடியில் கை வைத்தேன். எதற்கோ இடது உள்ளங்கையைப் பர்னர் மேல் ஒரு சாண் உயரத்தில் நீட்டினேன். சுட்டது. பாத்திரம் இருந்த சூடு என்று நினைத்து ஒரு காகித நுனியை நீட்டினேன். பற்றிக்கொண்டது.

கேனைக் காக்பிட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். குமிழைச் சரியாகத் திருப்பவில்லை போலிருக்கிறது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 20

சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "விளக்கை அணை, பார்ப்போம்" என்றான்.

இரவு, கேபினில் ஒரு வெளிச்சமும் இல்லாமல், அடுப்பை ஐந்து நிமிடம் எரியவிட்டுக் குமிழை முழுதாக மூடினோம். கண் பழகியதும் தெரிந்தது. வலது பர்னரில், மூடித் தகட்டின் ஒரு ஓரத்தில், பிறை வடிவில் மெல்லிய நீலம். குமிழ் கடைசி வரை திரும்பியிருந்தது. தகடுதான் வளைந்து, ஒரு பக்கம் நகக்கண் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. போன மாதம் அதன் மேல் பிரஷர் குக்கரைப் போட்டது நான்தான். தீப்போர்வையால் மூடி அணைத்தோம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தகடு ஒழுங்காக மூடியிருப்பது போலவே தெரிகிறது.

இடது பர்னர் சரியாக இருக்கிறது, இப்போதைக்கு அது ஒன்றுதான். வலது டப்பாவை ஆறவிட்டு, ரப்பர் மூடி போட்டு, வெளியே எடுத்து வைத்தாயிற்று. காலையில் தகட்டைக் கழற்றி நிமிர்த்த வேண்டும். குறடு எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் நினைவில்லை.