படம் போனாலும் குரல் இருக்கிறது

வீட்டில் பழைய கல்யாண சிடி, காதுகுத்து சிடி, கானா கச்சேரி சிடி எதாவது கிடந்தால் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். கட்டம் கட்டமாகத் தெரிகிறது, முகமே புரியவில்லை, இதை வைத்து என்ன செய்ய என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். படத்தை விடுங்கள், அதற்குள் இருக்கும் குரலை எடுங்கள்.

விசிடி, அதாவது வீடியோ சிடி, என்பது 1993-ல் வந்த தரம். நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் படம் வெறும் 352-க்கு 288 புள்ளிகள், அதனால்தான் இன்றைய டிவியில் போட்டால் அப்படி இளிக்கிறது. ஆனால் ஒலிக்கு விநாடிக்கு 224 கிலோபிட் ஒதுக்கியிருக்கிறார்கள், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, இன்றைக்கும் காதுக்குக் குறை தெரியாத அளவு அது. வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் பந்தல் போட்டு விடிய விடியக் கானா பாடியவர்களில் பலர் எந்த ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்கும் போனதில்லை. சாவு வீட்டில் பாடினார்கள், பதினாறாம் நாள் காரியத்தில் பாடினார்கள், அன்றைக்கு வீடியோ எடுக்க வந்தவர் கொடுத்துவிட்டுப் போன சிடிதான் அவர்கள் குரலுக்கு இருக்கும் ஒரே சாட்சி. அதைக் கவனமாக எடுக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வது அதனால்தான்.

கவனம் என்று எதைச் சொல்கிறேன் என்றால், முதலில் 'எம்பி3 ஆக்கித் தருகிறோம்' என்கிற கன்வர்ட்டர் எதிலும் போடாதீர்கள். சிடியில் இருக்கும் ஒலி ஏற்கெனவே எம்பி2 என்ற முறையில் சுருக்கப்பட்டது, கன்வர்ட்டர் அதை விரித்து மறுபடி எம்பி3-யாகச் சுருக்கும், ஒவ்வொரு சுருக்கலிலும் கொஞ்சம் போகும், போனது திரும்ப வராது. ஒருமுறை பால் எடுத்த தேங்காயை மறுபடி பிழிகிற கதைதான். வேண்டியது மாற்றுவது இல்லை, உள்ளே இருப்பதை அப்படியே உருவி வெளியே வைப்பது.

இதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, 2000-ல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. பட்டன் எதுவும் கிடையாது, டெர்மினலில், அதாவது கம்ப்யூட்டருக்குக் கட்டளையை எழுத்தில் கொடுக்கும் திரையில், அடிக்க வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை. எஃப்எஃப்எம்பெக் என்று அடித்து, மைனஸ் ஐ போட்டு வீடியோவின் பெயர், அப்புறம் மைனஸ் விஎன் (படம் வேண்டாம் என்று சொல்வது இதுதான்), அப்புறம் மைனஸ் ஏகோடெக், ஒரு இடம் விட்டு காப்பி, கடைசியில் புது ஃபைலின் பெயர். எல்லாம் சின்ன ஆங்கில எழுத்தில், இப்படி: ffmpeg -i video.dat -vn -acodec copy audio.mp2 மறுபடி சுருக்கும் வேலையே இல்லாததால் ஒரு மணி நேர வீடியோவும் சட்டென்று முடிந்துவிடும். டெர்மினல் ஒத்துவராதவர்கள் வீடியோ ஓட்டும் இலவச மென்பொருளான விஎல்சியில் 'கன்வர்ட்' போய், புரொஃபைல் அமைப்பில் ஒலியை இருந்தபடியே வைக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்தாலும் சரி.

புது ஃபைலின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து என்ன வால் போடுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வீடியோவை விஎல்சியில் ஓடவிட்டு கண்ட்ரோலையும் ஜே-யையும் அமுக்கினால் உள்ளே என்ன ஒலி என்று காட்டும். விசிடியின் டேட் ஃபைலில் எம்பி2, டிவிடியின் விஓபி ஃபைலில் பெரும்பாலும் ஏசி3, இந்த இரண்டுக்கும் அந்தப் பெயரே வால், எம்பி4-ல் ஏஏசி, அதற்கு எம்4ஏ என்று வால். எதுவும் புரியவில்லையா, எம்கேஏ என்று போடுங்கள், அநேகமாக எல்லா வகையையும் அது வாங்கிக்கொள்ளும். டிவிடியில் ஒரு விஷயம், ஒரு விஓபி ஃபைல் 1 ஜிபி-க்கு மேல் போகாது என்பதால் ஒரே நிகழ்ச்சி மூன்று நான்கு துண்டாக இருக்கும். துண்டு துண்டாக ஒலியை எடுத்து அப்புறம் ஒட்டினால் சேருகிற இடத்தில் டக்கென்று ஒரு சத்தம் வரலாம், அதனால் முதலில் வீடியோவைச் சேர்த்துவிட்டு அப்புறம் ஒலியை எடுங்கள்.

பழைய பட்டன் போனில் எடுத்த, 3gp என்ற வால் உள்ள வீடியோக்கள் தனி ரகம். அதில் பெரும்பாலும் ஏஎம்ஆர் என்ற ஒலிதான் இருக்கும், விநாடிக்கு 8,000 மாதிரிகள், அதிகபட்சம் 12.2 கிலோபிட், போனில் பேசுவதற்காகவே செய்த முறை அது. காசிமேட்டில் ஒரு அக்கா, போட்டில் நின்று அவர் அப்பா பேசிய அப்படி ஒரு வீடியோவைக் கொண்டுவந்தார். "தம்பி, எங்க நைனா பேசுறது மட்டும் போதும்." எடுத்துக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "கடலாண்டேர்ந்து போன் பண்ற மாதிரியே கீதுப்பா" என்றார். அதைச் சுத்தம் செய்யவோ மெருகு ஏற்றவோ நான் முயலவே இல்லை, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவுமே பதிவாகவில்லை, இல்லாததை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது.

கச்சேரி சிடியில் இன்னொன்று பாருங்கள். வீடியோ எடுத்தவர் விவரமானவராக இருந்தால் மைக் செட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து கேமராவின் ஒரு பக்கத்துக்குக் கொடுத்திருப்பார், இன்னொரு பக்கம் கேமராவின் சொந்த மைக் ஓடிக்கொண்டிருக்கும். அதாவது இடது காதில் பாடகர் மட்டும், வலது காதில் கூட்டம், கைத்தட்டல், டோலக் எல்லாம். இரண்டையும் கலந்து மோனோ ஆக்கிவிடாதீர்கள். ஒயரில் வருவது உடனே வந்துவிடும், மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்குக் காற்று வழியாகச் சத்தம் வந்து சேர 30 மில்லி விநாடி பிடிக்கும், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் பாட்டு குழாய்க்குள் பாடுவது போல் கேட்கும். ஒலியை வெட்டிப் பிரிக்க உதவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து, எது நன்றாக இருக்கிறதோ அதைக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றையும் அழிக்காமல் வையுங்கள்.

இரைச்சல் நீக்குவதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஜெனரேட்டர் உறுமலோ 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தமோ பாட்டை மூடினால் கீழே கொஞ்சம் வெட்டலாம், தப்பில்லை. அதற்கு மேல் போனால் பாடுபவர் மூச்சு இழுப்பதும் போய்விடும், பின்னால் பேசின் பிரிட்ஜ் பக்கம் போகிற ரயில் ஊதுவதும் போய்விடும், நடுவில் யாரோ 'தலைவா இன்னொண்ணு' என்று கத்துவதும் போய்விடும். நம் தெரு அப்போது எப்படி ஒலித்தது என்பதும் அந்த சிடியில்தான் இருக்கிறது, அதைக் கழுவி எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. கல்யாண வீடியோவில் ஸ்டூடியோக்காரர்கள் பேச்சின் மேல் சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தால் மட்டும் டெமக்ஸ் மாதிரி குரலைப் பிரிக்கும் இலவச மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அது கணித்துப் பிரிப்பது, சினிமாப் பாடகரின் குரலும் குரல்தான் என்று கூடவே வந்து நிற்கும். அசல் ஃபைலைத் தொடாமல் நகலில் செய்யுங்கள்.

சிடியே படிக்கவில்லை என்றால்? புது லேப்டாப்பில் டிரைவ் கிடையாது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் யூஎஸ்பி டிரைவ் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண காப்பி பாதியில் நின்றால் படிக்க முடியாத இடத்தைத் தாண்டி மற்றதை முதலில் எடுக்கிற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சிடியில் தகவல் இருப்பது எழுத்து ஒட்டிய மேல் பக்கத்துக்குச் சரியாக அடியில், அதனால் ஸ்டிக்கரைப் பிய்க்கவே கூடாது, வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனையோ வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர். அதில் நனைந்த டிஸ்க் இன்னும் உறைக்குள்ளேயே இருந்தால் உறையைக் கிழித்து எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே ஒற்றி, நிழலில் காயவிட்டு முயன்று பாருங்கள்.

எடுத்த பிறகு ஃபைலின் பெயரிலேயே யார் பாடியது, எந்தத் தெரு, எந்த வருஷம், யார் வீட்டு நிகழ்ச்சி என்று எழுதிவிடுங்கள், தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தனியாக ஒரு எம்பி3 செய்துகொள்ளலாம், எம்பி2 எல்லாப் போனிலும் ஓடாது. அசலை அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்போதுதான் உள்ளது உள்ளபடி போய்ச் சேரும்.