உருக்குவதற்கு முன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்

கும்பகோணத்திலும் மாயவரத்திலும் பழைய வெள்ளி விற்பனைக்கு வரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ தங்கிவிட, அக்ரஹாரத்து வீடோ பண்ணையார் வீடோ பூட்டப்படுகிறது. பரணில் கிடந்த டிரங்குப் பெட்டி கீழே இறங்குகிறது. உள்ளே பன்னீர்ச் செம்பு, சந்தனப் பேலா, குங்குமச் சிமிழ், பஞ்சபாத்திரம், பாலாடை, வெற்றிலைச் செல்லம், மூடி தொலைந்த கூஜா. எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வைத்து, கழிவு போட்டு, அன்றைய விலைக்குப் பணம் கொடுக்கிறார்கள். இரண்டு நாளில் அது கட்டி வெள்ளி.

2025ஆம் ஆண்டில் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அதிலிருந்து பட்டறைக்குப் போகும் வேகம் இன்னும் கூடியிருக்கிறது. உருக்கு விலை, அதாவது உருக்குவதற்காக எடைக்குக் கொடுக்கும் விலை, ஒரு பொருளுக்குக் கிடைக்கக்கூடிய குறைந்தபட்ச விலை மட்டுமே. பழைய வெள்ளி வாங்கி விற்பவரின் வேலையே, அந்த விலைக்குமேல் எது போகும், எது போகாது என்று பிரிப்பதுதான். நசுங்கிய டம்ளரும் அறுந்த கொலுசும் உருக்குக்குப் போகட்டும். நகாசு வேலை தேயாத செல்லத்தை உருக்கினால் திரும்ப வராது; அந்தக் கைவேலைக்கு இன்று கூலி கொடுத்தாலும் ஆள் கிடைப்பது அரிது.

கையில் எடுத்ததும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரோ இனிஷியலோ அங்கேதான் இருக்கும். சில பழைய பாத்திரங்களில் எடையையும் வெட்டியிருப்பார்கள். அது கிராம் அல்ல, ரூபாய் எடை. ஒரு ரூபாய் எடை என்பது ஒரு தோலா, 11.66 கிராம். அடியில் 36 என்று இருந்தால் செய்தபோது சுமார் 420 கிராம். இப்போது 405 நின்றால் துலக்கித் துலக்கித் தேய்ந்த கணக்கு. 350தான் நிற்கிறது என்றால் ஏதோ ஒரு பாகம், மூடியோ பிடியோ, கழன்று போயிருக்கிறது. 36க்கு 450 நின்றால் பின்னால் யாரோ ஈயமோ அரக்கோ சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் வெள்ளி ரூபாயையே உருக்கிப் பாத்திரம் செய்ததும் உண்டு. 1940க்கு முந்தைய ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அதற்குப் பிறகு வந்த வெள்ளி ரூபாயில் பாதிதான். ஆகவே மாற்று, அதாவது நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு, 90ஐ ஒட்டி வந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு 'பழசு எல்லாம் சுத்த வெள்ளி' என்று நம்பிவிடக் கூடாது. 80க்குக் கீழே இறங்கும் பாத்திரங்களும் நிறைய.

மாற்று பார்ப்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கடைகளில் கதிர் பாய்ச்சி மாற்றுக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் மேல்தோலை மட்டுமே படிக்கும். பாத்திரம் செய்து முடித்ததும் நெருப்பில் காய்ச்சி, புளிப்பிலோ அமிலத்திலோ போட்டு வெளுப்பார்கள். வெள்ளியோடு கலந்த செம்பு மேற்பரப்பில் மட்டும் கரைந்து வெளியேறி, தோலில் வெள்ளி கூடுதலாக நிற்கும். மெஷின் 94 என்று காட்டும். உள்ளே 85 இருக்கும். அடிவளையத்தின் உள்பக்கம் போலக் கண்ணில் படாத இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, அந்த இடத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். விற்பவரின் சம்மதம் கேட்டுவிட்டே அரம் எடுக்க வேண்டும். காந்தம் இரும்பை மட்டும் காட்டிக்கொடுக்கும். செம்பும் பித்தளையும் ஜெர்மன் சில்வரும் அந்தச் சோதனையில் வெள்ளியைப் போலவே தப்பித்துவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய, நம்பத்தக்க சோதனை தண்ணீர் எடை. 0.1 கிராம் வரை காட்டும் தராசு, ஒரு பாத்திரம் தண்ணீர், மெல்லிய நூல் போதும். ஒரு டம்ளரை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த எடை 155 கிராம். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். டம்ளரை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். தராசு 15.0 காட்டுகிறது. 155ஐ 15ஆல் வகுத்தால் 10.33; இதுதான் அடர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.49, 92.5 மாற்றுக்குச் சுமார் 10.36, 80க்குச் சுமார் 10.14. இதே டம்ளர் ஜெர்மன் சில்வராக இருந்தால் தராசு 17.8 பக்கம் காட்டியிருக்கும், விடை 8.7. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. வெள்ளி அதில் துளிகூடக் கிடையாது. தப்பு வருவது காற்றுக்குமிழியால்: விளிம்பு மடிப்பில் சிக்கிய ஒரு குமிழி விடையைக் குறைத்துவிடும். டம்ளரைச் சாய்த்து இறக்கி, ஒரு தட்டுத் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டு எண்ணைப் பாருங்கள்.

குத்துவிளக்குக்கும் காமாட்சி விளக்கின் பீடத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. தகடு மெல்லியது, நிற்பதற்காக உள்ளே அரக்கு அடைத்திருப்பார்கள், நடுத்தண்டில் இரும்புக் கம்பியும் இருக்கலாம். விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்கும். இவற்றை எடைக்கு வாங்கியவர்கள் அரக்கையும் வெள்ளி விலைக்கு வாங்கியவர்கள்.

தஞ்சாவூர் தட்டு இன்னொரு பொறி. புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தட்டின் அடித்தளம் பித்தளையோ செம்போ. அதன்மேல் வெள்ளித் தகட்டில் புடைப்பாக எடுத்த உருவங்களைப் பதித்திருப்பார்கள். எடையில் பெரும்பங்கு அடித்தளத்துக்கே. நல்ல தட்டுக்கு மதிப்பு முகத்தின் கூர்மையில் இருக்கிறது: சாமியின் மூக்கும் விரல்களும் தேயாமல் நிற்கிறதா, ஓரத்தில் தகடு தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கிலோ கணக்கில் பேசுவது வாங்குபவருக்கும் நஷ்டம், விற்பவருக்கும் அநியாயம்.

டீ செட், முள்கரண்டி வகைகளில் இபிஎன்எஸ் (EPNS) என்ற ஆங்கில முத்திரை இருந்தால் அது நிக்கல் கலவைமேல் வெள்ளி முலாம். 1840க்குப் பிறகு மின்முலாம் பரவியதும் இங்கே ஏராளமாக வந்து இறங்கியது. உருக்கினால் ஒன்றுமே தேறாது. நடக்கும் சிங்க முத்திரை இருந்தால் இங்கிலாந்தின் 92.5. பக்கத்தில் அரசர் அல்லது அரசியின் தலையும் இருந்தால் 1784க்கும் 1890க்கும் இடையில் வரி கட்டியது என்று பொருள். 1849ல் சென்னையில் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் கடையின் முத்திரையோடு, தெய்வ உருவங்கள் சுற்றிவரும் 'சுவாமி' வேலைப்பாடு கிடைத்தால், உருக்கு விலையை மறந்துவிட்டுச் சேகரிப்பாளர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அடியில் இருக்கும் பெயரைத் தேய்த்து அழிக்கும் வழக்கம் மனதை வருத்துகிறது. அழித்த இடத்தில் தகடு மெலிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். வாயால் ஆவி ஊதினால், பனி படர்ந்த ஒரு விநாடியில் பள்ளம் தெரிந்துவிடும். அனுபவமுள்ள வாங்குபவர் அங்கேயே விலையை இறக்குவார். பெயர் இருக்கட்டும், அது பாத்திரத்தின் பிறப்புச் சான்று.

பெயருக்குப் பதில் கோயில் பெயரோ 'உபயம்' என்ற சொல்லோ இருந்தால் தொடவே கூடாது. என்ன சமாதானம் சொன்னாலும் சரி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ குற்றம். பாகம் பிரியாத வீட்டுப் பொருள் என்றால் எல்லாப் பங்காளிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு அண்ணன் விற்று, ஆறு மாதம் கழித்துத் தங்கை வந்து கேட்பது இங்கே சாதாரணம். அடையாள அட்டை நகல், அடிப்பக்கம் தெரியும் போட்டோ, எடை, தேதி எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். பணம் வங்கி வழியாகவே போகட்டும். விற்கும்போது 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள பொருள் 100 ஆண்டைத் தாண்டினால் தொல்பொருள். அதை வியாபாரமாகச் செய்ய இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தைப் பெட்டியில் வைத்துச் சிங்கப்பூருக்கு எடுத்துப்போக நினைப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வாங்கியதும் பளபளப்பாக்கும் ஆசைதான் அதிகப் பொருளைக் கெடுக்கிறது. நகாசின் பள்ளத்தில் நிற்கும் கறுப்பு அழுக்கல்ல. உருவத்தை எழுப்பிக் காட்டுவதே அதுதான். அலுமினியத் தாள், சமையல் சோடா, கொதிநீர் முறை அந்தக் கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். அரக்கு அடைத்த பொருளைக் கொதிநீரில் போட்டால் அரக்கு இளகி வழியும். மெருகுச் சக்கரம் வேண்டவே வேண்டாம். விபூதியை மெல்லிய துணியில் சலித்து, சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மேடான இடங்களை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும். சலிக்காத விபூதியில் ஒரு மணல் பொடி இருந்தாலும் கீறல் விழும்.

பழைய ஈயப்பற்று வைத்த பொருளை நெருப்பில் காட்டக் கூடாது. ஈயம் வெள்ளியைத் தின்று ஓட்டை போடும். பத்தரிடம் கொடுக்கும்போது பற்று இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில், அதிலும் நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில், ஒரே மாதத்தில் நிறம் மாறும். செய்தித்தாளும் ரப்பர் பேண்டும் கம்பளியும் வேண்டாம். அவற்றில் உள்ள கந்தகமே கறுக்கவைக்கும். ரப்பர் பேண்ட் போட்ட இடத்தில் கறுப்புக் கோடு ஆழமாக இறங்கிவிடும். கஞ்சி போடாத, துவைத்த பழைய வேட்டித் துண்டில் சுற்றி, இறுக்கி மூடும் பையில் இரண்டு சாக்பீஸ் போட்டு வையுங்கள். பன்னீர்ச் செம்பின் கழுத்துத் திருகை மட்டும் கழற்றித் தனியாகச் சுற்றி, அதே பைக்குள் வையுங்கள். செம்பு கிடைத்துத் தலை கிடைக்காமல் உருக்குக்குப் போன ஜோடிகள் ஏராளம்.