அம்மாவின் அறைக்கு மேல் ஆறு கிலோ தெர்மோகோல்

திண்டுக்கல்லில் எங்களுக்கு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. விற்கும் கடை இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியைப் பிரிக்கும்போதும் மூலைக்கு மூலை தெர்மோகோல் வரும். அட்டையைப் பழைய இரும்புக் கடைக்காரர் ஓடி வந்து எடுத்துப்போவார். தெர்மோகோலைத் தொடவே மாட்டார். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு வெறும் காற்று. வண்டி நிறைய ஏற்றினாலும் தராசில் நிற்காது, டீசல் காசுகூடத் தேறாது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தெர்மோகோல் தட்டும் கப்பும் தடை. பெட்டிக்குள் வருவது மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் தெருவில் அதைக் கொளுத்துவார்கள். சில வருடங்களுக்கு முன் நானும் கொளுத்தியிருக்கிறேன். மசி போல் கறுப்புப் புகை, தொண்டையில் இரண்டு நாள் கரகரப்பு. அன்றோடு விட்டேன்.

கடைக்குப் பின்னால் சேர்த்து வைத்ததைப் பார்த்துத்தான் மாடி அறை நினைவு வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. சித்திரையில் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். அம்மா கீழே ஹாலிலேயே படுத்துக்கொள்வார். காற்று நிறைந்த பொருள் வெயிலை உள்ளே விடாது. தளத்துக்குப் பாரமும் ஏற்றாது. சிமென்ட்டோடு கலந்து வில்லையாக வார்த்து, அந்த அறையின் மேல்தளத்தில் பதித்துவிடலாம். பிறகென்ன தயக்கம்?

முதல் வேலை தெர்மோகோலைக் குறுணையாக உதிர்ப்பது. பழைய மணல் சல்லடையைச் சாய்த்து வைத்துத் தேய்த்தேன். அது பெரிய இம்சை. குறுணை ஒவ்வொன்றும் கைமயிரிலும் புருவத்திலும் ஒட்டிக்கொள்கிறது. தட்டினால் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குத் தாவுகிறது. லேசாகத் தண்ணீர் தெளித்த பிறகுதான் அடங்கியது. காற்று அடிக்கிற நாளில் இந்த வேலை கூடவே கூடாது. பறந்த குறுணை நேராகச் சாக்கடைக்குத்தான் போகும்.

அப்புறம் கலவை. சிமென்ட், எம்-சாண்ட், தண்ணீர் எல்லாம் குழைத்து மேலே குறுணையைக் கொட்டினேன். கரணையால் கிளறக் கிளற அது மட்டும் மேலே மிதந்து வந்தது. அச்சில் ஊற்றிய வில்லை காய்ந்ததும் அடியில் கல்லாகவும் மேலே பொரி உருண்டையாகவும் இருந்தது. எங்கள் வீடு கட்டிய மேஸ்திரியிடம் காட்டினேன். விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல குறுணையில சிமென்ட் பாலை ஊத்திப் பிசறு தம்பி. மேல சிமென்ட் பிடிக்கட்டும். அப்புறம் மணலைப் போடு" என்றார். அவ்வளவுதான். அடுத்த தடவை ஒரு குறுணைகூட மிதக்கவில்லை.

அளவு: ஒரு சட்டி சிமென்ட், இரண்டு சட்டி எம்-சாண்ட், நான்கு சட்டி குறுணை. வில்லை ஒவ்வொன்றும் ஓரடிக்கு ஓரடி, இரண்டு அங்குல கனம். ஒன்றைக் கடைத் தராசில் வைத்தோம்: ஐந்து கிலோ. அதே அளவில் சாதாரண கான்கிரீட் பதினொரு கிலோவுக்குக் குறையாது. பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு நனைத்தோம். மொத்தம் 120 வில்லை, மூன்றரை மூட்டை சிமென்ட். உள்ளே போன தெர்மோகோல் ஆறு கிலோகூட இல்லை. அந்த ஆறு கிலோதான் கடைக்குப் பின்னால் ஒரு மூலை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது!

மாடி அறையின் மேல்தளத்தில் கலவை வைத்துப் பதித்து, மேலே நீர்க்கசிவு தடுப்புச் சிமென்ட் பூசி, வெள்ளை டைல் ஒட்டினோம். பூச்சு இல்லாமல் விடவே கூடாது. ஓரம் உடைந்தால் குறுணை உதிரும்; பிறகு குப்பை திரும்பவும் தெருவுக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் அழுத்திச் சொல்கிறேன். இது பாரம் தாங்குகிற பொருள் இல்லை. தூண், பீம், தளத்தின் கான்கிரீட் எதிலும் இதைக் கலக்காதீர்கள். நூறு டிகிரி பக்கம் போனாலே தெர்மோகோல் இளகும், தீப்பிடித்தால் வேகமாக எரியும். அதனால் வெறும் ஷீட்டை சீலிங்கில் ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிமென்ட்டுக்குள் மூடியிருக்கிறவரைதான் அது நல்லது. பெரிய அளவில் செய்கிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்தூரில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் வீட்டுத் திட்டத்தில் கட்டிய 1024 வீடுகளின் சுவர்ப் பலகையில், இரண்டு ஃபைபர் சிமென்ட் அட்டைகளுக்கு நடுவே இதே குறுணையும் சிமென்ட்டும்தான்.

இந்தக் கோடையில் அம்மா மத்தியானம் மேலே போய்ப் படுத்தார். அனல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாலு மணி வரை எழுந்திருக்கவில்லை. கடைக்குப் பின்னால் மறுபடி பாதி மூலை நிறைந்திருக்கிறது. ஆடித் தள்ளுபடி முடிந்ததும் தம்பி வீட்டு மாடி. ஐப்பசி மழைக்கு முன்னால் பதித்துவிட வேண்டும்.