ஸ்காபரோவில் ஒரு கடையைப் பூட்டும்போது

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கடை திறக்கப் போகிறோம் என்றால் வழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பூட்டுவதைப் பற்றி மட்டும் நம்மவர்கள் வாய் திறப்பதில்லை. அது வெட்கப்படவேண்டிய விசயம் இல்லை. குத்தகை முடிந்ததும் நானும் மனைவியும் எங்கள் சாப்பாட்டுக் கடையைப் பூட்டினோம். அதன் அலுவல்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரொறன்ரோ மாநகரசபை தரும் உணவக உரிமத்தைக் கடையோடு சேர்த்து விற்க முடியாது. வாங்குகிறவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

பெரிய அலுவல் எச்.எஸ்.ரி. எனும் விற்பனை வரிதான், வாடிக்கையாளரிடம் வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டுவது. தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஒன்ராறியோவில் அது 13 சதவீதம். அரிசி பருப்புக்கு வரி இல்லை, சமைத்த சோறு கறிக்கு உண்டு. மொத்த பில் 4 டொலருக்குள் நின்றால், ஒரு ரோல்ஸும் தேநீரும் போல, 5 சதவீதம் மட்டும்தான். இந்தப் பணம் கல்லாவில் கிடந்தாலும் நம்முடையது இல்லை. நாங்கள் அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வந்தோம். கடைசி மாதங்களில் வியாபாரம் படுத்தபோது நிம்மதியாகத் தூங்க முடிந்தது அதனால்தான்.

கதவைப் பூட்டியதும் வரிக் கணக்கு தானாக மூடப்படாது. கனடா வருவாய் முகமைக்கு அறிவித்து மூட வேண்டும். அதுவரை விற்பனை பூச்சியமாக இருந்தாலும் படிவம் அனுப்பியாக வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, மேசைகள் வாங்கியபோது கட்டிய வரியைத் திரும்பப் பெற்றிருந்தால், கணக்கை மூடும் நாளில் கையில் மிஞ்சியவற்றை நாமே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோனாலும் அப்படித்தான். ஆகவே விற்கக்கூடியதை முதலே விற்றுவிட்டோம். பதிவு உள்ள இன்னொரு கடைக்காரர் வாங்கினால், நம்மிடம் கட்டும் வரியை அவர் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பேரம் இலகுவாக முடியும். பில்லுகளையும் கணக்குப் புத்தகங்களையும் 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால் அவற்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அப்புறம் வேலை செய்தவர்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சம்பளத்தில் பிடித்த வருமான வரி, ஓய்வூதியப் பணம், வேலைக் காப்புறுதி எல்லாவற்றையும் வியாபாரம் முடிந்து 7 நாட்களுக்குள் கட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் கொடுத்த சம்பளத்தையும் பிடித்த தொகைகளையும் காட்டும் ரி4 படிவத்துக்கு 30 நாட்கள். அதைவிட அவசரம் வேலை முடிந்ததற்கான பதிவு, எல்லோரும் ஆர்.ஓ.ஈ. என்று சொல்வது. அது போய்ச் சேராவிட்டால், வேலை இழந்தவருக்குக் கிடைக்க வேண்டிய வேலைக் காப்புறுதிப் பணம் இழுபடும். எங்கள் சமையலறையில் நின்ற அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். கடைசிச் சம்பளத்தோடு விடுமுறைப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, ஆர்.ஓ.ஈ.யை இணையத்தில் அனுப்பிவிட்டுத்தான் மற்றப் படிவங்களைக் கையில் எடுத்தோம்.