நூறு அடிக்குக் கீழே

எஞ்சின் நின்றுபோனால், கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுழற்ற ஹெலிகொப்டரை இறக்குவதற்குப் பெயர் ஓட்டோரொட்டேஷன். மிக அரிதாகவே நிற்கும் எஞ்சினுக்காக இந்தப் பயிற்சியை எடுக்கப்போய் ஆண்டுதோறும் பல ஹெலிகொப்டர்கள் நொறுங்குகின்றன என்கிறது ஹெலிகொப்டர் தயாரிக்கும் ரொபின்சன் நிறுவனத்தின் 38ஆம் இலக்கப் பாதுகாப்பு அறிவித்தல். நொறுங்குபவற்றில் பெரும்பாலும் எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த நிறுவனத்தின் ஆர்44இல் செய்முறை காகிதத்தில் எளிது. ரோட்டர் இறக்கைகளின் கோணத்தை ஒருசேர மாற்றும் நெம்பான கொலெக்டிவை அடிவரை இறக்கி, எஞ்சின் வலுவைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டிலை மெல்லத் தளர்த்தி, சுழற்சிமானியில் எஞ்சின் முள்ளும் ரோட்டர் முள்ளும் சற்றே பிரிந்ததும் த்ரொட்டிலை அங்கேயே இறுகப் பிடிக்க வேண்டும். விட்டால், சுழற்சியைத் தானாகச் சீராக்கும் கவர்னர் அதை மறுபடி திறந்துவிடும். வேகம் 60 முதல் 70 நொட். சுமார் 40 அடியில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, 8 அடியில் மட்டப்படுத்தி, கொலெக்டிவை உயர்த்தும்போதே வலுவையும் சேர்க்க வேண்டும்.

த்ரொட்டிலை முழுக்க மூடினால் எஞ்சின் நிசமாகவே நின்றுவிடலாம். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர் உள்ள மாதிரிகளுக்குக் கொழும்பின் ஈரக்காற்றும் எதிரி. வெளியே 30 பாகை வெயில் அடித்தாலும், வலுவைக் குறைத்ததும் உள்ளே பனி பிடிக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தமான மெனிஃபோல்ட் அழுத்தம் 18 அங்குலத்துக்குக் கீழே போனால், கார்பரேட்டர் வெப்பமானியைப் பார்க்காமல், அதற்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட்டை முழுதாக இழுக்கச் சொல்கிறது கைநூல்.

தொடர்ந்து இறங்குவதா, கைவிடுவதா என்று தீர்மானிக்கும் இடம் 100 அடி. ரோட்டர் சுழற்சி மானியின் பச்சைப் பகுதியின் நடுவில், வேகம் நிலையாக, இறக்கம் நிமிடத்துக்கு 1500 அடிக்குக் குறைவாக, திருப்பம் முடிந்து இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் உடனே எஞ்சின் வலுவைச் சேர்த்துப் பயிற்சியைக் கைவிட வேண்டும். 1500 அடி இறக்கத்தில் 100இலிருந்து 40க்கு வர இரண்டரை விநாடிகூட ஆகாது. மாணவர் தானே திருத்துவாரா என்று பயிற்றுநர் பார்த்திருப்பது அந்த இரண்டரை விநாடியைத்தான். பொறுமை நல்ல ஆசிரியருக்கு அழகு. இங்கே அது உதவாது.

கொழும்புக்கு அருகே இரத்மலானை விமான நிலையத்தில் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், தென்மேற்கு நோக்கிய ஓடுபாதை 22இல் எதிர்க்காற்று தாராளம். அதில் பழகியவருக்குக் காற்றே இல்லாத காலையில் தரை வேகமாக ஓடுவதுபோல் தெரியும். வேகத்தைக் குறைக்கத் தாழ்வில் மூக்கை மிகையாகத் தூக்குவார். வால் ரோட்டர் தரையில் தட்டும். வலுவைப் பிந்திச் சேர்த்துத் திடீரெனத் திறந்தால் மூக்கு வலப்பக்கம் வெட்டும். அதை எதிர்க்கும் இடது பெடலை மிதிக்கப் பிந்தினால் சறுக்குக்கால்கள் பக்கவாட்டில் தரையைத் தொட்டு, ஹெலிகொப்டர் உருண்டுவிடும்.

அடுத்தடுத்து மூன்று அல்லது நான்குக்கு மேல் செய்ய வேண்டாம் என்பதும் அதே அறிவித்தல்தான். மணித்தியாலக் கட்டணம் ஓடும்போது "இன்னுமொன்று பாப்பம்" என்று சொல்வது சுலபம். அந்த இடத்தில் ஒரு சாதாரண சுற்றுப் பறந்துவிட்டு வந்து, வேண்டுமானால் மறுபடி தொடங்கலாம்.