ஒக்கிக்குப் பிறகு கண்ட தலைமை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி ஆகிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் அறிவிக்கப்பட்ட எச்சரிக்கை, வயர்லெஸ் கருவி எட்டாத தொலைவில் இருந்த அவர்களைச் சென்றடையவில்லை.

தலைமையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, அந்நாட்களில் ஊர்தோறும் எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல்களே. எந்தப் படகு, எங்கிருந்து புறப்பட்டது, அதில் யார் யார் என்பதை அழுதுகொண்டிருந்த குடும்பங்களிடம் பொறுமையாகக் கேட்டு, கரை திரும்பியவர்களின் பெயரை அடித்து, மீண்டும் எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு எந்தப் பதவியும் இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை (புகைப்படத்திற்கு வந்தவர்களையும் சேர்த்துத்தான்); ஆனால் அரசின் எண்ணிக்கையும் ஊராரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாத சூழலில், ஒரு பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வதே பெரும் பொறுப்பாக இருந்தது என்பது என் கருத்து. உடல் கிடைக்காத ஒருவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி பொதுவாக 7 ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்தப் பட்டியலில் இடம்பெறுவது ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரப் பிரச்சினையாகவும் இருந்தது.

சிலர் தம் படகுகளிலேயே தேடப் புறப்பட்டார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள்; தேடுதலை இன்னும் ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே அவர்களின் முதன்மைக் கோரிக்கை.