அப்பாவின் கொழுந்துக் கணக்குக்கு ஒரு நிரல்: மூன்று மாத அனுபவம்

கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேயிலை இருக்கிறது. கொழுந்து எடை போடும் நாளெல்லாம் அப்பா ஒரு நீள நோட்டில் தேதி, மொத்த எடை, கழிவு, நிகர எடை என்று எழுதி வருவார், மாசக் கடைசியில் அதைக் கூட்டிச் சரிபார்க்கவே ஒரு சாயங்காலம் போய்விடும். கல்லூரியில் பைத்தான் என்ற நிரல் மொழி படிக்கிறேன், அந்தச் சாயங்காலத்தையாவது அவருக்கு மிச்சப்படுத்தலாம் என்று ஜூன் மாதம் ஆரம்பித்தேன்.

முதல் வடிவத்தை ஒரே ராத்திரியில் எழுதினேன். தேதி கேட்கும், எடை கேட்கும், கிலோ விலை கேட்கும், பெருக்கிக் காட்டும். அப்பா விலை கேட்ட இடத்தில் கையை எடுத்துவிட்டார். "வெலை மாசம் முடிஞ்சாத்தான கண்ணு தெரியும், இப்ப என்னத்தப் போடறது?" பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம்தான் விலை அறிவிக்கிறது, எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகப் பேசும் பேச்சு அது.

மறுநாள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. பழைய நோட்டை எடுத்து, எந்தக் கட்டத்தை எப்போது யார் நிரப்புகிறார்கள் என்று மூன்று மாதப் பக்கங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். அதிலிருந்துதான் இரண்டு பட்டியல் என்ற யோசனை வந்தது: எடை தனி, மாத விலை தனி. விலை வராத மாதத்துக்குப் பூஜ்ஜியம் போடாமல் 'விலை வரவில்லை' என்றே காட்டுகிறது. பூஜ்ஜியம் போட்டால் அந்த மாதம் வருமானமே இல்லை என்று ஆகிவிடும், இரண்டும் வேறு வேறு.

அடுத்தது தசமப் புள்ளி. பைத்தானில் 1.1-ஐயும் 2.2-ஐயும் கூட்டினால் 3.3000000000000003 என்று வரும். 0.1 போன்ற எண்ணைக் கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்டது) முழுசாக எழுத முடியாது, ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடியாமல் போகிறதே, அது மாதிரி. அதனால் எல்லா எடையையும் கிராமாக, பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வைத்துவிட்டேன். 23 கிலோ 400 கிராம் என்றால் 23400. அருகிலுள்ள முழு எண்ணாக்கும் ரவுண்ட் என்ற கட்டளையையும் விட்டேன், அது 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும், பாதி வந்தால் இரட்டைப்படைப் பக்கம் போகும். அப்பா கணக்கில் பாதி எப்போதும் மேலேதான். மழை நாளில் ஈரத்துக்குச் சதவீதக் கழிவு போடும்போது, நூறால் வகுத்து மீதியை விடுவதற்கு முன் 50 கூட்டிக்கொண்டால் அவர் விடையே வருகிறது.

ஜூலை கணக்கு நோட்டோடு அப்படியே ஒத்துப்போனது. ஆகஸ்டில் 31 கிலோ குறைந்தது. இரண்டு ராத்திரி தேடினேன். ஒரே நாளில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எடை போட்டிருக்கிறார்கள், நானோ தேதியைச் சாவியாக வைத்து, ஒரு சாவிக்கு ஒரு மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் அகராதி அமைப்பில் சேமித்திருந்தேன், இரண்டாவது எடை முதலாவதை அழித்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது, நோட்டு இருந்ததால்தான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு எடையும் தனி வரி.

அப்புறம் 'கோவில் தோட்டம்' என்ற தோட்டப் பெயர் கணக்கில் இரண்டு தடவை வந்தது, தனித்தனி மொத்தத்தோடு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம், அக்கா பழைய பட்டியலிலிருந்து ஒட்டிய பெயரில் இரண்டாவது வகை இருந்திருக்கிறது. பைத்தானிலேயே உள்ள யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் கட்டளையை, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவம் கேட்டு, பெயர் உள்ளே வரும் இடத்திலேயே போட்டதும் சரியானது. தமிழில் பெயர் வைத்து நிரல் எழுதுகிறவர்கள் இதை முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

அப்பா இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார், ஞாயிற்றுக்கிழமை நான் தட்டி ஏற்றுகிறேன். அதை மாற்றும் எண்ணம் இல்லை, மழையில் கரண்ட் போனாலும் நோட்டு இருக்கும். இப்போது உரத்துக்கு வாங்கிய முன்பணத்தை மாதாமாதம் கழிக்கும் பகுதியைக் காகிதத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதம் கொழுந்துப் பணம் முன்பணத் தவணையைவிடக் குறைந்தால் மீதியை எப்படி எழுதுவார் என்று அவரிடம் கேட்க வேண்டும்.